இன்னும் ரத்தம் வராத ஃபண்டல் வேரிசஸ்: குளூவா, கார்வெடிலாலா?

வைகை_எம்டி:

எல்லோருக்கும் வணக்கம். நான் பொது மருத்துவம். எங்கள் இடத்தில் எண்டோஸ்கோப்பி உண்டு, வேரிசஸுக்கு (புடைத்து வீங்கிய சிரைகள்) பேண்டும் (ரப்பர் வளையக் கட்டு) போடுவோம், குளூ (சிரைக்குள் ஊசியால் செலுத்தி அடைக்கும் பசை) கிடையாது. ஒரு கேஸுக்குக் கருத்து வேண்டும்.

54 வயது ஆண். சர்க்கரை, உடல் பருமன், கொழுப்புக் கல்லீரலில் தொடங்கி வந்த சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது). குடிப்பழக்கம் இல்லை. பிலிருபின் 1.8, ஆல்புமின் 3.1, ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேர அளவு) 1.5, கிரியாட்டினின் 0.9, சோடியம் 134, பிளேட்லெட் 72,000. ஸ்கேனில் வயிற்றில் லேசாக நீர். என்செபலோபதி (கல்லீரல் கோளாறால் வரும் மனக்குழப்பம்) இல்லை. கல்லீரல் நோயின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்கள்: சைல்ட் பி (7), மெல்டு 13. பி.பி. 108/70, நாடி 84. இதுவரை ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ ஒருமுறைகூட இல்லை.

ஸ்கோப்பில் உணவுக்குழாயில் சின்ன வேரிசஸ், ஃபண்டஸில் (இரைப்பையின் மேல்முகடு) கொத்தாக ஒன்று. ரிப்போர்ட்டில் 'சுமார் 2 செ.மீ.' என்று இருக்கிறது. சிவப்புப் புள்ளி இல்லை. லேசான போர்ட்டல் கேஸ்ட்ரோபதி (குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடி இரைப்பைச் சவ்வு பாதிப்பது) உண்டு.

ஒருவர் உடனே குளூ போடச் சொல்கிறார். இன்னொருவர் 'ரத்தம் வராததைக் கிளறாதே, பீட்டா பிளாக்கர் (போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, கார்வெடிலால் மாதிரி) போதும்' என்கிறார். எது சரி? எங்கள் இடத்திலேயே பேண்ட் போட்டால் ஆகாதா? பீட்டா பிளாக்கர் என்றால் எது, எவ்வளவு?


கல்லீரல்காரன்:

பேண்ட் கேள்விக்கு முதலில் பதில்: ஃபண்டஸில் 2 செ.மீ. கொத்துக்கு பேண்ட் போடவே கூடாது. அந்த அளவுள்ள வேரிக்ஸ் முழுதாக ஸ்கோப் முனையிலுள்ள கேப்புக்குள் வராது, மேல்பகுதி மட்டும்தான் வரும். சில நாளில் பேண்ட் கழன்று விழும்போது கீழே திறந்தே இருக்கும் பெரிய சிரையின் தலையில் ஒரு புண் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து வரும் ரத்தம்தான் ஐ.சி.யூ.வையே கலங்கடிக்கும்.

அடுத்து, ரிப்போர்ட்டில் இருக்க வேண்டிய முக்கியமான வரி இல்லை: சரின் வகை (இரைப்பை வேரிசஸை இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கும் முறை). உணவுக்குழாய் வேரிசஸ் சிறு வளைவு வழியாக 2 முதல் 5 செ.மீ. கீழே இறங்கினால் ஜி.ஓ.வி-1. ஃபண்டஸ் பக்கம் தொடர்ந்தால் ஜி.ஓ.வி-2. உணவுக்குழாயோடு தொடர்பில்லாமல் ஃபண்டஸில் தனியாக நின்றால் ஐ.ஜி.வி-1. இரைப்பையின் பிற இடங்களிலோ டியோடினத்திலோ இருந்தால் ஐ.ஜி.வி-2. இது வெறும் பெயர் சூட்டல் இல்லை, வைத்தியமே இதில்தான் பிரிகிறது. ஜி.ஓ.வி-1 என்றால் உணவுக்குழாய் வேரிசஸ் மாதிரியே நடத்தலாம். பீட்டா பிளாக்கரோ பேண்டோ கொடுத்தால் போதும், மேலே உள்ளது அழியும்போது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கீழே உள்ளதும் மறைந்துவிடும். நீங்கள் கேட்கும் சிக்கல் ஜி.ஓ.வி-2, ஐ.ஜி.வி-1 இரண்டுக்கும்தான். இவை உணவுக்குழாய் அளவுக்கு அடிக்கடி ரத்தம் கக்குவதில்லை. கக்கினால் பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டியிருக்கும்.

அளவையும் கண்மதிப்பில் விடாதீர்கள். ஸ்கோப்பை ஜே வளைவில் திருப்பி, இரைப்பையைக் காற்றால் நன்றாக விரித்து, திறந்த பயாப்ஸி ஃபோர்செப்ஸைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள் (தொடாமல்!). காற்று குறைவாக இருந்தால் ஃபண்டஸ் மடிப்பே வேரிக்ஸ் மாதிரி தெரியும். நேர்மாறாக, வேரிக்ஸை சப்மியூக்கோசல் கட்டி என்று நினைத்து பயாப்ஸி எடுத்து விபரீதமான கேஸ்களும் உண்டு. 5 மி.மீ.க்குக் கீழ் சிறியது, 10 மி.மீ.க்கு மேல் பெரியது. சிரோசிஸ் நோயாளிகளின் ஃபண்டல் வேரிசஸைத் தொடர்ந்து கவனித்த ஜப்பானிய ஆய்வில் (1997) ரத்தக் கசிவு 1, 3, 5 ஆண்டுகளில் 16, 36, 44 சதவீதம். அளவு, சைல்ட் வகை, சிவப்புப் புள்ளி மூன்றும் ஆபத்தைக் கூட்டின.

மருந்தா குளூவா என்று முடிவெடுக்கும் முன் ஒரு டிரைஃபேசிக் (மூன்று கட்டமாக எடுக்கும்) சி.டி. எடுங்கள். கிரியாட்டினின் 0.9தான், தயங்க வேண்டாம். பார்க்க வேண்டியவை: போர்ட்டல் சிரையில் த்ராம்பஸ் (உறைந்த ரத்தக்கட்டி), கல்லீரலில் கட்டி, ஸ்ப்ளீனிக் (மண்ணீரல்) சிரை அடைப்பு, கேஸ்ட்ரோரீனல் ஷண்ட் (இரைப்பைச் சிரையிலிருந்து இடது சிறுநீரகச் சிரைக்குப் போகும் குறுக்குவழி). ஸ்ப்ளீனிக் சிரை மட்டும் அடைத்திருந்தால் (பழைய பான்கிரியாட்டைட்டிஸ் இருக்கலாம்) ஃபண்டஸ் வேரிக்ஸுக்குக் காரணமே வேறு. அங்கே பீட்டா பிளாக்கருக்குப் பெரிய வேலை இல்லை.


தெற்கு_ஹெப்:

கல்லீரல்காரன் சார் சொன்னதோடு உடன்படுகிறேன். 'குளூவா மருந்தா' என்பதற்குச் சான்று எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து 2011-இல் வந்தது. 10 மி.மீ.க்கு மேற்பட்ட ஜி.ஓ.வி-2 அல்லது ஐ.ஜி.வி-1, முன்பு அதிலிருந்து ரத்தம் வராதவர்கள், மொத்தம் 89 பேர். மூன்று பிரிவு: சயனோஅக்ரிலேட் (குளூ), பீட்டா பிளாக்கர், எதுவும் இல்லை. சராசரியாக இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் தொடர்ந்ததில் ரத்தக் கசிவு முறையே 13, 28, 45 சதவீதம். உயிர் பிழைப்பில் குளூ பிரிவு சிகிச்சையே இல்லாதவர்களைவிட மேல். ஆனால் பீட்டா பிளாக்கரோடு ஒப்பிட்டால் தெளிவான வித்தியாசம் இல்லை. 20 மி.மீ.க்கு மேற்பட்ட அளவு, மெல்டு 17 அல்லது மேல், போர்ட்டல் கேஸ்ட்ரோபதி மூன்றும் முதல் கசிவை முன்கூட்டிக் காட்டின.

உங்கள் நோயாளியை அதில் வைத்துப் பாருங்கள். மெல்டு 13, ஆகவே அந்தக் கணக்கில் வரவில்லை. கேஸ்ட்ரோபதி இருக்கிறது. அளவு சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால்தான் கேட்ட இரண்டு பேரும் இரண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே மையம், ஒவ்வொரு பிரிவிலும் 30 பேர் அளவு. குளூ போட்டவர்கள் கை பழகியவர்கள். இதனால்தான் பவேனோ VI-இல் (போர்ட்டல் அழுத்த நோய்க்கான சர்வதேச நிபுணர் அறிக்கை) இந்த ஆய்வைச் சுட்டிவிட்டு, இன்னும் ஆய்வு தேவை என்றும், பீட்டா பிளாக்கர் ஏற்கத்தக்கதே என்றும் எழுதினார்கள். 2017 அமெரிக்க வழிகாட்டியும் ஜி.ஓ.வி-2, ஐ.ஜி.வி-1 இரண்டுக்கும் பீட்டா பிளாக்கர் கொடுக்கலாம், ஆனால் உணவுக்குழாய் வேரிசஸ் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்கிறது.

பீட்டா பிளாக்கர் இங்கே ஏன் சற்றுத் தளர்கிறது? ஃபண்டல் வேரிசஸில் பலருக்கு கேஸ்ட்ரோரீனல் ஷண்ட் வழியாக ரத்தம் இடது சிறுநீரகச் சிரைக்கு வடிந்துகொண்டே இருக்கிறது. போர்ட்டல் அழுத்தம் ஏற்கெனவே மிக உயரமாக இல்லை, எச்.வி.பி.ஜி. (போர்ட்டல் அழுத்தத்தைக் காட்டும் அளவு) 12-க்குக் கீழே இருக்கும்போதே கசிந்தவர்கள் உண்டு. சுவர் இழுவிசை அழுத்தத்தையும் ஆரத்தையும் பொறுத்தது, சுவரின் தடிமன் குறையக் குறைய கூடும். ஃபண்டஸில் ஆட்டத்தை நடத்துவது ஆரம். மருந்து அழுத்தத்தைத்தான் குறைக்கும், 2 செ.மீ. சிரையை 1 செ.மீ. ஆக்காது.

அதற்காக மருந்தை விட்டுவிட வேண்டியதில்லை. குளூ போட்டாலும் போடாவிட்டாலும் இவருக்கு கார்வெடிலாலுக்குத் தனிக் காரணம் இருக்கிறது. குளூ ஒரு கொத்தை அடைக்கும், அவ்வளவுதான். போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் அப்படியேதான் இருக்கும். உணவுக்குழாயில் இருப்பது வளரும், நீர் கூடும்.

டோஸ்: வயிற்றில் நீர் இருப்பதால் 3.125 மி.கி. இரவு உணவோடு தொடங்குங்கள். மூன்று நான்கு நாளில் நின்றபடி பி.பி. பார்த்து 3.125 காலை, மாலை. பிறகு 6.25 காலை, மாலை. மொத்தம் 12.5 மி.கி.க்கு மேல் போர்ட்டல் அழுத்தத்துக்குக் கூடுதல் பலன் இல்லை, பி.பி. மட்டும்தான் விழும். கார்வெடிலாலில் நாடித்துடிப்பு இலக்கு கிடையாது. சிஸ்டாலிக் 90-க்குக் கீழ் போகாமல் தாங்கும் அளவே இலக்கு. கார்வெடிலால் தாங்காவிட்டால் ப்ரோப்ரனலால் 20 மி.கி. இருவேளை, இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கூட்டி, ஓய்வில் நாடி 55 முதல் 60 வரை. நீர் இருப்பவருக்கு நாளொன்றுக்கு 160-ஐத் தாண்ட வேண்டாம்.

சிஸ்டாலிக் 90-க்குக் கீழேயே நின்றாலோ, ஹெபடோரீனல் வகையில் (கல்லீரல் நோயால் கிட்னி கெடுவது) கிரியாட்டினின் ஏறினாலோ குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். ஆஸ்துமா, இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட ஹார்ட் பிளாக் இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

இவர் சர்க்கரைக்காரர் என்பதால் இரண்டு விஷயம். ஏற்கெனவே டெல்மிசார்டன் (பி.பி. மாத்திரை) மாதிரி ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். நீர் வந்தபின் அது கிட்னிக்கு ஆகாது, முதலில் அதை நிறுத்துங்கள். கார்வெடிலாலைச் சேர்த்துவிட்டு அதையும் தொடர்ந்தால் இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் ஏறி வருவார், பழி கார்வெடிலால் மேல் விழும். இன்சுலினோ கிளிமிப்பிரைடோ எடுத்தால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும். வியர்வைதான் மிஞ்சும் அடையாளம், வீட்டாரிடம் அதைச் சொல்லிவையுங்கள்.


ஸ்கோப்_ரூம்:

குளூவுக்கு அனுப்புவது என்று முடிவானால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. அனுப்பிய பிறகு காய்ச்சல், இருமல் என்று திரும்பி வரும் இடம் உங்கள் ஓ.பி.தான்.

எண்-பியூட்டைல் சயனோஅக்ரிலேட் 0.5 மி.லி. ஆம்பூலாக வரும். லிபியோடாலோடு (எக்ஸ்ரேயில் தெரியும் எண்ணெய்) கலந்து போடும் இடங்களில் 0.5 மி.லி. குளூவுக்கு 0.5 முதல் 0.8 மி.லி. லிபியோடால். லிபியோடால் கூடினால் குளூ உறைய நேரமாகும், அதற்குள் ரத்த ஓட்டத்தோடு நுரையீரலுக்குப் போகும். குறைந்தால் ஊசிக்குள்ளேயே உறையும். லிபியோடாலை வழக்கமான பாலிகார்பனேட் ஸ்டாப்காக்கில் விடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும். கலக்காமல் அப்படியே போடும் பழக்கமும் உண்டு, ஃப்ளோரோஸ்கோப்பியில் தெரியாது என்பதுதான் குறை.

தொடங்கும் முன் 21 அல்லது 22 கேஜ் ஊசியின் டெட் ஸ்பேஸை (உள்ளே தங்கும் திரவத்தின் அளவு) டிஸ்டில்ட் வாட்டர் விட்டு அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பலவற்றில் 1 மி.லி.யை ஒட்டி வரும். சலைன் கூடவே கூடாது. அயனி பட்டதும் குளூ ஊசிக்குள்ளேயே கெட்டியாகிவிடும். டிரேயில் சலைன் சிரிஞ்சும் டிஸ்டில்ட் வாட்டர் சிரிஞ்சும் லேபிள் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் பழைய வில்லங்கம். நோயாளி உட்பட எல்லோர் கண்ணுக்கும் கண்ணாடி. ஸ்கோப் சேனலில் முன்கூட்டியே சிலிக்கான் எண்ணெயோ லிபியோடாலோ பூச வேண்டும்.

ஊசி குத்தியதும் கொஞ்சம் டிஸ்டில்ட் வாட்டர் விட்டுப் பார்ப்போம். சவ்வு கொப்புளமாக உப்பினால் சிரைக்குள் இல்லை என்று அர்த்தம். உள்ளே இருக்கிறது என்றால் 1 மி.லி. வரை குளூ, உடனே டெட் ஸ்பேஸ் அளவு தண்ணீர், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். தாமதித்தால் ஊசி வேரிக்ஸிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சக்‌ஷன் மிதியில் கால் படக்கூடாது, சேனல் அடைத்தால் ஸ்கோப்பே போச்சு. ஊசி முனையில் குளூ ஒட்டியிருந்தால் கதீட்டரைச் சேனலுக்குள் இழுக்காமல் ஸ்கோப்போடு சேர்த்தே வெளியே எடுத்து, முனையைக் கத்தரித்துவிட்டு மேல்பக்கமாக உருவ வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து ஊசியை உள்ளே இழுத்துக்கொண்டு, மொட்டையான உறை முனையால் வேரிக்ஸை அமுக்கிப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் அடைத்தாயிற்று. மெத்தென்று இருந்தால் வேறொரு இடத்தில் இன்னொரு மி.லி. ஒரே அமர்வில் கூடிக்கொண்டே போவது எம்பாலிசத்தைக் (குளூ ஓடிப்போய் வேறு இடத்தில் அடைப்பது) கூப்பிட்டுக்கொள்வது. நான்கு வாரத்தில் மறுபடி ஸ்கோப்.

திரும்பி வந்தபின் நீங்கள் பார்க்க வேண்டியது: ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் சகஜம். காய்ச்சல் நீடித்தால் பிளட் கல்ச்சர். இருமல், நெஞ்சுவலி, ஆக்சிஜன் குறைவு என்றால் மார்பு எக்ஸ்ரே. லிபியோடால் கலந்திருந்தால் நுரையீரலில் வெள்ளைக் கோடுகளாகவே தெரியும். ஃபோரமென் ஓவேல் (இதய மேலறைகளுக்கு நடுவே உள்ள துளை) திறந்திருந்தால் மூளைக்கும் போகும், அதனால் புதிதாகக் கைகால் தளர்ந்தால் 'சர்க்கரையாக இருக்கும்' என்று விடாதீர்கள். வாரங்களோ மாதங்களோ கழித்து அடுத்த ஸ்கோப்பில் குளூ கட்டி புண்ணோடு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதை ஃபோர்செப்ஸால் பிடித்து இழுக்க யாருக்கும் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், தானே விழும்.

இன்னொன்று: ஐ.என்.ஆர். 1.5-ஐச் சரிசெய்ய என்று எஃப்.எஃப்.பி. (உறையவைத்த பிளாஸ்மா) ஏற்றி அனுப்பாதீர்கள். சிரோசிஸில் அந்த எண் கசிவைச் சொல்வதில்லை, ஏற்றும் திரவம்தான் போர்ட்டல் அழுத்தத்தைக் கூட்டும். இந்த பிளேட்லெட்டுக்கும் ஏற்ற வேண்டியதில்லை.


வைகை_எம்டி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்கோப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். உணவுக்குழாயிலிருந்து கார்டியா வழியாக ஃபண்டஸுக்குத் தொடர்கிறது, ஜி.ஓ.வி-2. ஃபோர்செப்ஸோடு ஒப்பிட்டால் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. சி.டி.யில் போர்ட்டல், ஸ்ப்ளீனிக் சிரைகள் திறந்திருக்கின்றன, கட்டி இல்லை, கேஸ்ட்ரோரீனல் ஷண்ட் 14 மி.மீ. டெல்மிசார்டன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்தியாயிற்று. ஷண்ட் இவ்வளவு பெரிதாக இருப்பதால் நேராக பி.ஆர்.டி.ஓ. (சிரை வழியாகப் போய் ஷண்ட்டையே அடைப்பது) செய்துவிடலாமா?


ஐஆர்_மேடம்:

செய்யக்கூடிய உடற்கூறுதான். தொடை அல்லது கழுத்துச் சிரை வழியாக இடது சிறுநீரகச் சிரைக்குப் போய், ஷண்ட்டை பலூனாலோ பிளக்காலோ அடைத்து, பின்னோக்கி ஸ்கிளிரோசன்ட்டை (சிரையை மூடவைக்கும் மருந்து) நிரப்பினால் ஃபண்டஸ் கொத்து அழகாக மறையும். ஜப்பானில் இதை முன்தடுப்பாகவே நிறையச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இவருக்கு வேண்டாம் என்பேன். அந்த ஷண்ட்தான் இவருடைய போர்ட்டல் அழுத்தத்துக்கு வடிகால். அதை மூடினால் அழுத்தம் ஏறும், சின்னதாக இருக்கும் உணவுக்குழாய் வேரிசஸ் பெரிதாகும், லேசாக இருக்கும் நீர் கூடும், நெஞ்சில்கூடச் சேரும். ஏற்கெனவே நீர் உள்ளவர். இன்னும் கசியாத ஒன்றுக்காக இந்த விலை அதிகம். டிப்ஸும் (கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்துப் போர்ட்டல் ரத்தத்தை வடிப்பது) வேண்டாம், அது அழுத்தத்தைக் குறைத்தாலும் என்செபலோபதியைக் கூட்டும். ரத்தம் வராத ஃபண்டல் வேரிசஸுக்கு இரண்டையும் அமெரிக்க வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. பவேனோ VII-உம் காம்பன்சேட்டட் (நீர், கசிவு மாதிரிச் சிக்கல் இன்னும் வராத) நோயாளிகளில் முதல் கசிவைத் தடுக்க இவற்றுக்கு இடமில்லை என்கிறது. இதே ஷண்ட்டால் அடிக்கடி என்செபலோபதி வந்து, கல்லீரல் இயக்கம் ஓரளவு நன்றாக இருக்கும் ஒருவர் என்றால் கணக்கு மாறும். அங்கே ஷண்ட்டை மூடத் தனிக் காரணம் உண்டு.

14 மி.மீ. ஷண்ட் சொல்லும் இன்னொரு சேதி: ஓட்டம் வேகமாக இருக்கும், வெறும் குளூ போட்டால் நுரையீரலுக்கு நேர் வழி. அதனால் குளூவுக்கு அனுப்பினால் இ.யூ.எஸ். (எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட்) வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். 19 கேஜ் ஊசி வழியாக 0.035 இஞ்ச் காயிலை (உலோகச் சுருள்) வேரிக்ஸுக்குள் விட்டு, பிறகு குளூ. காயிலின் வட்டம் சிரையின் விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இடத்தில் நிற்கும். அதன் இழைகளில் குளூ சிக்கிக்கொள்வதால் குளூ அளவும் குறையும், ஓடுவதும் குறையும். உள்ளே ஓட்டம் நின்றுவிட்டதா என்று டாப்ளரிலேயே பார்க்கலாம், கண்ணுக்குத் தெரிவதை நம்ப வேண்டியதில்லை. முன்தடுப்புக்கு இதைச் செய்த 80 பேர் தொகுப்பு 2021-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது, பின்னர் கசிந்தவர்கள் மிகக் குறைவு. ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத தொகுப்பு அது, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.


கல்லீரல்காரன்:

ஜி.ஓ.வி-2, 20 மி.மீ.க்கு மேல், கேஸ்ட்ரோபதி, சைல்ட் பி. இப்போது நான் குளூ பக்கம் சாய்கிறேன், மேடம் சொன்னபடி காயிலோடு. கார்வெடிலாலை இன்றே தொடங்குங்கள், தேதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். தேதி கிடைத்தபின் நிறுத்தவும் வேண்டாம்.

தெற்கு_ஹெப் சொல்லும் தயக்கமும் நியாயம்தான். இதே நோயாளிக்கு 12 மி.மீ., சைல்ட் ஏ, கேஸ்ட்ரோபதி இல்லை என்று இருந்தால், அல்லது பக்கத்தில் கை பழகிய மையம் இல்லை என்றால், கார்வெடிலால் மட்டும் கொடுத்துக் கவனித்திருப்பேன். வருடத்துக்குச் சில கேஸ் மட்டும் செய்யும் இடத்தில் முன்தடுப்புக் குளூ வேண்டாம்.

வயிற்று நீரை ஒருமுறை ஊசி போட்டுச் சோதித்தீர்களா? லேசான நீரிலும் எஸ்.பி.பி. (வயிற்று நீரில் கிருமித்தொற்று) இருக்கலாம். அது இருக்கும்போது பீட்டா பிளாக்கர் தொடங்குவதும் குளூ போடுவதும் இரண்டுமே தவறான நேரம்.


தெற்கு_ஹெப்:

20-ஐத் தாண்டிவிட்டதால் நானும் மறுக்கவில்லை. ஒரே நிபந்தனை: நோயாளியிடம் 'இது வராததைத் தடுக்கச் செய்வது, இதனாலேயே சிக்கல் வரக்கூடும்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கசிந்த பிறகு போடும் குளூவுக்கும் இதற்கும் ஒப்புதல் பேச்சு ஒன்றாக இருக்கக் கூடாது.

இன்னும் தேதி வரவில்லை என்பதால் நோயாளி கையில் ஒரு அட்டை கொடுத்துவிடுங்கள். தமிழில் ஒரு பக்கம்: முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கக் கூடாது, கறுப்பு மலமோ ரத்த வாந்தியோ வந்தால் எந்த மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும் (குளூ உள்ள இடத்தின் பெயர்). மறுபக்கம் அவசரப் பிரிவு டாக்டருக்கு: 'ஜி.ஓ.வி-2, 20 மி.மீ.க்கு மேல், ஷண்ட் 14 மி.மீ., பேண்ட் போட வேண்டாம், டெர்லிப்ரெசினும் செஃப்ட்ரியாக்சோனும் தொடங்கிவிட்டு அனுப்பவும், ஹீமோகுளோபினை 7 முதல் 8 வரை மட்டும் ஏற்றவும்.'


வைகை_எம்டி:

நீரைச் சோதித்தாயிற்று, நியூட்ரோஃபில் 250-க்கு வெகு கீழே. கார்வெடிலால் 3.125 இன்று இரவு முதல். இ.யூ.எஸ். உள்ள மையத்தில் பேசிவிட்டேன், சி.டி. படங்களை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். அட்டையை அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.


ஸ்கோப்_ரூம்:

சி.டி.யின் ரிப்போர்ட் மட்டும் போதாது, சி.டி. தட்டையே கொடுத்து அனுப்புங்கள். ஷண்ட் எந்த வளைவில் திரும்புகிறது என்பதை அவர்கள் படத்தில்தான் பார்ப்பார்கள். அப்படியே ஃபோரமென் ஓவேலுக்கு பபிள் எக்கோ (குமிழி விட்டு எடுக்கும் இதய ஸ்கேன்) ஒன்றும் முடித்துவிட்டால் அங்கே ஒரு நாள் மிச்சம்.